சொந்தக் கால்

விடியற்காலை நாலரை மணி. பாத்ரூமில் 'தடால்' என்று ஒரு சத்தம். கூடவே பிளாஸ்டிக் மக் உருளுகிற சத்தம். அப்புறம் நிசப்தம்.

ஓடிப் போய்ப் பார்த்தால், வாஷ்பேசினுக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார் அப்பா. முகத்தில் பாதி சோப்பு நுரை, பாதி ரத்தம். "ஒண்ணுமில்லடா... லேசா தள்ளிருச்சு" என்கிறார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்ததைச் சொல்வது போல.

அப்பாவுக்கு 78 வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை. புருவத்துக்கு மேலே நாலு தையல் போட்டார்கள். எலும்பு எதுவும் உடையவில்லை. "உங்கப்பா லக்கி சார்" என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டில் மந்திரிசபைக் கூட்டம். கோயமுத்தூரிலிருந்து அக்கா ஸ்பீக்கர் போனில். தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. அப்பா இனிமேல் தனியாக எழுந்திருக்கக் கூடாது. ராத்திரி பாத்ரூம் போகக் கூடாது, கட்டிலுக்குப் பக்கத்திலேயே யூரின் கேன். பேப்பர் வாங்க, பால் வாங்கத் தெருவுக்குப் போகிற வேலை ரத்து. எதுவாக இருந்தாலும் மணி அடித்துக் கூப்பிட வேண்டும். பூஜை அறையில் இருந்த மணி கட்டிலுக்கு வந்து சேர்ந்தது.

அப்பாவிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. அவர் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார்.

மூன்று வாரம் போயிற்று. அப்பா விழவில்லை. திட்டம் மாபெரும் வெற்றி! ஆனால், ஒரு நாள் நான் ஆபீஸ் கிளம்பும்போது அவர் கேட்டார்: "டேய், நான் கொஞ்சம் எழுந்து நிக்கட்டுமா?"

பர்மிஷன் கேட்கிறார். முப்பத்தாறு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டிய மனுஷர். எந்த அதிகாரியிடமும் லீவைத் தவிர வேறு எதற்கும் பர்மிஷன் கேட்காதவர். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போட்டுட்டீங்கடா" என்றார்.

காமர்ஸ் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கிற இடம்தான் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். நானும் பி.காம்.தான். அந்த ஜோக் புரிந்தது. சிரிப்புத்தான் வரவில்லை.

ஒருவர் விழாமல் பார்த்துக்கொள்வதும், அவரை நிற்கவே விடாமல் செய்வதும் ஒன்றா? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் சொன்னது எந்த ஆன்மிகப் புத்தகமும் இல்லை. இருபத்தைந்து வயதுப் பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருவர்.

* * *

அப்பாவின் முழங்கால் வலிக்காக வந்தவர் அவர். வந்ததும் முதல் கேள்வி, "தாத்தா, எப்படி விழுந்தீங்க? சொல்லுங்க."

சட்டென்று எனக்கு உறைத்தது. இதுவரை நாங்கள் எல்லோரும் 'ஏன் தனியாப் போனீங்க?' என்றுதான் கேட்டிருந்தோம். எப்படி விழுந்தார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அப்பா உற்சாகமாகி விட்டார். "முகத்துக்கு சோப்பு போட்டேன்மா. கண்ணை இறுக்கி மூடினேன். அவ்வளவுதான். தரை எங்கே இருக்குன்னே தெரியலை."

"அதான் தாத்தா விஷயம்" என்ற அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க வாங்க. ரெண்டு பாதத்தையும் சேர்த்து வெச்சு நில்லுங்க. இப்போ கண்ணை மூடுங்க."

நீங்களும் செய்து பாருங்கள். பக்கத்தில் சுவரோ ஆளோ இருக்கட்டும். கண்ணைத் திறந்திருக்கும்வரை நீங்கள் கம்பீரமாக நிற்பதாகத் தோன்றும். மூடிய சில விநாடிகளில் உடம்பு மெதுவாக ஆடுவது தெரியும். முன்னே ஒரு இழுப்பு, பின்னே ஒரு இழுப்பு. பாதத்தின் தசைகள் குட்டிக் குட்டியாகத் துடிக்கும். பயப்படாதீர்கள், வியாதி இல்லை. கண்ணைத் திறந்திருந்தபோதும் நீங்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தீர்கள். இப்போது கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டில் பெர்லினில் இருந்த ரோம்பர்க் என்ற டாக்டரின் பெயரால் இந்தச் சோதனையை இன்றைக்கும் நரம்பியல் டாக்டர்கள் செய்கிறார்கள்.

பேலன்ஸ் என்றால் எனக்குத் தெரிந்தது பேலன்ஸ் ஷீட்தான். மார்ச் 31 அன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பைசா சுத்தமாக டேலி ஆக வேண்டும். ஆகிவிட்டால் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். உடம்பின் பேலன்ஸும் அப்படித்தான், ஒருமுறை சரியாக நின்றுவிட்டால் நின்ற மாதிரிதான் என்று நினைத்திருந்தேன். இல்லவே இல்லை. உடம்பின் கணக்கு எந்த விநாடியிலும் டேலி ஆவதில்லை. நின்றுகொண்டிருக்கிற உடம்பின் எடை கணுக்கால் மூட்டுக்குச் சற்று முன்னால் விழுகிறது. அதாவது, நாம் எப்போதும் முன்பக்கமாக விழுந்துகொண்டே இருக்கிறோம். கெண்டைக்கால் தசை பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டால் தளர்த்துகிறது. தளர்ந்தால் மறுபடி இழுக்கிறது. நிற்பது என்று நாம் சொல்வது, விழ ஆரம்பித்து விழ ஆரம்பித்து ஒவ்வொரு முறையும் தடுக்கப்படுவது.

'ஆடிப் போயிட்டான்', 'நிலை தடுமாறிட்டான்' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! ஆடாமல் நிற்கிற மனிதன் என்று ஒருவன் கிடையவே கிடையாது. சிலை மட்டும்தான் ஆடாது. அதைத் தள்ளிவிட்டால் எழுந்தும் நிற்காது.

* * *

இந்தக் கணக்கைச் சரிபார்க்க உடம்பு மூன்று ஆடிட்டர்களை வைத்திருக்கிறது.

முதல் ஆடிட்டர் கண். எது நேர், எது சாய்வு என்று கதவு நிலையையும் ஜன்னல் கம்பியையும் பார்த்துச் சொல்கிறது.

இரண்டாவது ஆடிட்டர், காது. கேட்கிற வேலையைச் சொல்லவில்லை. காதுக்கு உள்ளே, எலும்புக்குள் ஒளிந்திருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தாக, உள்ளே திரவத்தோடு. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் திரவம் ஒரு கணம் பின்தங்கும், மெல்லிய மயிரிழைகள் வளையும், மூளைக்குச் செய்தி போகும். பக்கத்தில் இரண்டு சின்னப் பைகள். அதற்குள் சுண்ணாம்புத் துகள்கள். நிஜமாகவே சுண்ணாம்பு, கால்சியம் கார்பனேட். தலை சாய்ந்தால் துகள்கள் சரியும். கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டம் மாதிரி, ஆளுக்கு இரண்டு செட்டைத் தலைக்குள் வைத்துக்கொண்டுதான் திரிகிறோம்.

இதைக் கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. வியன்னாவில் ராபர்ட் பாரனி என்று ஒரு காது டாக்டர். நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்யும்போது அவர்களுக்குத் தலை சுற்றியது. தண்ணீர் ரொம்பக் குளிர்ச்சி என்று ஒருவர் சொல்ல, சூடாக்கினார். அப்போதும் சுற்றியது, ஆனால் கண்மணிகள் எதிர்ப்பக்கமாகத் துடித்தன. குளிர்ச்சியும் சூடும் காதுக்குள் இருக்கிற திரவத்தை எதிர் எதிர்த் திசையில் நகர்த்துகின்றன என்று பிடித்துவிட்டார். 1914-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு இதற்காகக் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் முதல் உலகப் போரில் ரஷ்யர்களிடம் சிக்கி, கைதி முகாமில் இருந்தார். ஸ்வீடன் இளவரசர் தலையிட்டு 1916-ல் விடுதலையானார். பேலன்ஸை ஆராய்ந்த மனிதருக்கு வாழ்க்கை கொடுத்த தடுமாற்றம்!

காதின் வேலையை நீங்களே பார்க்கலாம். இந்தப் பக்கத்தைக் கையில் பிடித்து இடமும் வலமுமாக வேகமாக ஆட்டுங்கள். எழுத்து கலங்கும், படிக்க முடியாது. இப்போது பக்கத்தை அசைக்காமல், தலையை மட்டும் அதே வேகத்தில் 'இல்லை இல்லை' என்று ஆட்டுங்கள். என்ன ஆச்சரியம், படிக்க முடிகிறது! தலை திரும்பிய நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள், காது கண்ணுக்கு எதிர்த்திசையில் திரும்பச் சொல்லிவிடுகிறது. உங்களிடம் கேட்டுக்கொண்டா செய்தது?

மூன்றாவது ஆடிட்டர், பாதமும் தசையும் மூட்டும். கை கால் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே நமக்குத் தெரிகிறது அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடுகிறோமே, அந்த உணர்வு. ஐம்புலன் கணக்கில் இது வராது. இங்கிலாந்தின் ஷெரிங்டன் என்ற விஞ்ஞானி 1906-ல் இதற்கு 'புரொப்ரியோசெப்ஷன்' என்று பெயர் வைத்தார்.

மூன்று ஆடிட்டர்களில் ஒருவர் லீவு போட்டால் மற்ற இருவர் சமாளிப்பார்கள். இப்போது அப்பாவின் கேஸைப் பாருங்கள். சோப்பு போட்டதால் கண் லீவு. வயசானதால் காதுக்குள் இருக்கிற மயிரிழைகள் குறைந்துவிட்டன, அவர் அரை நாள் வேலைதான் பார்க்கிறார். இருபது வருஷச் சர்க்கரையில் பாதம் மரத்துப் போய்விட்டது. அன்று காலை நாலரை மணிக்கு, கணக்கில் கையெழுத்துப் போட ஒரு ஆடிட்டரும் இல்லை.

"தாத்தா கவனக்குறைவா இருந்ததால விழலை சார். தகவல் இல்லாததால விழுந்தார்" என்றார் அந்தப் பெண். இந்த வாக்கியத்தை நான் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

* * *

'சொந்தக் காலில் நிற்கிறான்' என்று பெருமையாகச் சொல்கிறோம். யோசித்தால், இந்த 'சொந்த' என்ற வார்த்தைதான் இடிக்கிறது.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். டிரைவர் சடன் பிரேக் போடுகிறார். விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்திலேயே, இழுபட்ட கால் தசைக்கு முதுகுத்தண்டிலிருந்து பதில் போய்விடுகிறது. பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கால், இடுப்பு, முதுகு எல்லாம் சேர்ந்து உங்களைத் திருப்பி நிமிர்த்துகின்றன. 'ஐயையோ, விழப் போறேன்' என்று நீங்கள் நினைத்து ஏதாவது செய்வதற்கு அதைப்போல இரண்டு மடங்கு நேரம் ஆகும். அதாவது, நீங்கள் ஸ்பாட்டுக்கு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. நீங்கள் செய்வதெல்லாம் டிரைவரைத் திட்டுவது மட்டும்தான்.

இன்னொரு விஷயம். பரண் மேலே இருக்கிற டப்பாவை எடுக்கக் கையைத் தூக்குகிறீர்கள். கை முன்னால் போனால் எடை முன்னால் சாயும். அதனால் கைத் தசை இயங்குவதற்கு முன்பே கால் தசை இறுகித் தயாராகிவிடுகிறது. 1967-ல் ரஷ்ய விஞ்ஞானிகள் அளந்து சொன்னது இது. டப்பாவை எடுத்த புகழ் கைக்கு. முன்கூட்டியே அஸ்திவாரம் போட்ட காலைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. வீட்டிலும் அப்படித்தானே நடக்கிறது?

இத்தனைக்கும் மேனேஜர், பின்மண்டையில் இருக்கிற சிறுமூளை. மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பு செல்களில் 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. 2009-ல் எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள். 'நான், எனது' என்று சதா பேசிக்கொண்டிருக்கிற பெருமூளைக்குத்தான் ஆட்கள் குறைவு!

சரி, இந்த உதவி எதுவும் இல்லாமல், முழுக்க முழுக்கத் தன் புத்தியால், தன் முயற்சியால் மட்டும் ஒரு மனிதன் நின்றால் எப்படி இருக்கும்? நிஜமாகவே அப்படி ஒருவருக்கு நேர்ந்தது.

இயன் வாட்டர்மேன். இங்கிலாந்துக்காரர். இறைச்சிக் கடையில் வேலை. 1971-ல், 19 வயதில், ஒரு வைரஸ் காய்ச்சல். அதற்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும், கை கால் எங்கே இருக்கிறது என்கிற உணர்வும் அடியோடு போய்விட்டன. தசையில் பலம் இருக்கிறது, ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. இனி வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலிதான் என்றார்கள்.

அவர் கேட்கவில்லை. காலைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு அசைவையும் யோசித்து யோசித்து, ஒரு வருஷத்துக்கு மேல் போராடி எழுந்து நின்றார். நடந்தார். வேலைக்கும் போனார். ஜொனாதன் கோல் என்ற டாக்டர் 1991-ல் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் அவர் நிற்கிற ஒவ்வொரு விநாடியும் மனக்கணக்கு. கவனம் சிதறினால் தடுமாற்றம். நின்றுகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அப்படியே சரிந்து விழுவார். கால் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், கால் இல்லை.

முழுக்க முழுக்கச் 'சொந்த' முயற்சியில் நிற்கிற மனிதன், ஸ்விட்சை அணைத்தால் விழுந்துவிடுகிறான். அவருடைய மன உறுதிக்குக் கை எடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால், அதே கதை என் கர்வத்தின் தலையிலும் ஒரு குட்டு வைக்கிறது. நாற்பது வருஷமாக நான் நிற்கிறேன், நடக்கிறேன் என்றால், நான் கேட்காமலே எனக்காக வேலை பார்க்கிற எத்தனையோ பேர் உள்ளே இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் பெயர்கூடத் தெரியாது. யார் துணையும் இல்லாமல் நிற்கிறவன் என்று யாரும் இல்லை. அப்பாவுக்குத் துணை தேவைப்படுகிறது என்பதில் அவமானப்பட எதுவும் இல்லை. கேள்வி ஒன்றுதான். எந்த மாதிரித் துணை?

* * *

அக்கா தரப்பையும் சொல்லியாக வேண்டும். விழுவது சின்ன விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்ததால் இறக்கிறார்கள். இதில் 60 வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். இடுப்பு எலும்பு உடைந்து படுத்த பெரியவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "நீ தத்துவம் பேசுடா. நாளைக்கு அவர் இடுப்பு உடைஞ்சா உன் தத்துவம் வந்து பெட்பான் வைக்குமா?" என்றாள் அக்கா. நியாயம்.

என் மனைவி சொன்னது இன்னும் நியாயம். "நீங்க ஒன்பது மணிக்கு ஆபீஸ் போயிடுவீங்க. அவர் சுதந்திரமா நடந்து விழுந்தா, ஓடி வந்து தூக்குறது நான்தானே? என்னால அவரைத் தூக்க முடியுமான்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஒருவருடைய சுதந்திரத்துக்கு இன்னொருவருடைய முதுகு வலி விலையாக இருக்கும்போது, அந்த விலையைப் போடாமல் தர்மம் பேசுவது சுலபம்.

ஆனால் உட்கார வைப்பதற்கும் ஒரு விலை உண்டே? அதை யார் கணக்கில் எழுதுவது? 2007-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. ஆரோக்கியமான பெரியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் இருக்க வைத்தார்கள். கால் தசையில் சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ காணாமல் போய்விட்டது. நாங்கள் அப்பாவை மூன்று வாரம் உட்கார வைத்திருந்தோம். விழக்கூடாது என்று எழவிடவில்லை. எழாததால் கால் பலம் போகிறது. கால் பலம் போனதால் இன்னும் சுலபமாக விழுவார். அதனால் இன்னும் கண்டிப்பாக உட்கார வைப்போம். வட்டிக்கு வட்டி போடுகிற கந்துவட்டிக்காரன்கூட இவ்வளவு கச்சிதமாகக் கணக்குப் போட மாட்டான்.

இந்தச் சிக்கல் நம் வீட்டில் மட்டும் இல்லை. அமெரிக்க முதியோர் இல்லங்களில் 'விழாமல் இருக்க' என்று பெரியவர்களை நாற்காலியோடு பெல்ட் போட்டுக் கட்டி வைப்பது ஒரு காலத்தில் சகஜமாக இருந்தது. ஊழியர்களின் வசதிக்காக அப்படிக் கட்டக் கூடாது என்று 1987-ல் சட்டமே வந்தது. அதற்கும் முன்பே, 1972-ல், ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர் மனவளர்ச்சி குன்றியவர்களைப் பற்றி எழுதும்போது ஒரு வார்த்தை சொன்னார். ரிஸ்க் எடுப்பதிலும் ஒரு கண்ணியம் இருக்கிறது, அளவுக்கு மீறிய பாதுகாப்பால் அதைப் பறித்துவிடக் கூடாது என்று.

குழந்தை விஷயத்தில் இது நமக்கு நன்றாகவே தெரியும். நடை பழகுகிற குழந்தைகளை நியூயார்க்கில் ஒரு பேராசிரியர் குழு எண்ணிப் பார்த்து 2012-ல் எழுதியது. மணிக்குச் சராசரியாக 2,368 அடி எடுத்து வைக்கிறது, 17 தடவை விழுகிறது. மணிக்கு 17! நாம் என்ன செய்கிறோம்? கை தட்டுகிறோம். 'எழுந்துக்கோ, எழுந்துக்கோ' என்கிறோம். எங்கள் வீட்டுப் பரணில் என் நடைவண்டி இன்னும் இருக்கிறது. அப்பா வாங்கியது. மூன்று சக்கரம், ஒரு கைப்பிடி. அது குழந்தையைத் தூக்கிச் சுமப்பதில்லை. குழந்தைதான் நிற்க வேண்டும், குழந்தைதான் தள்ள வேண்டும். பிடித்துக்கொள்ள ஒரு கம்பு, அவ்வளவுதான்.

அதே வீட்டில், அதே அப்பா ஒரே ஒரு முறை விழுந்ததும் நாங்கள் மணியைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிட்டோம். நாங்கள் காப்பாற்றியது அப்பாவையா, எங்கள் ராத்திரித் தூக்கத்தையா?

* * *

இதற்கு அந்தப் பெண் வைத்திருந்த தீர்வு, என்னை வியக்க வைத்தது. அப்பாவை வாஷ்பேசின் முன்னால் நிற்க வைத்தார். பக்கத்திலேயே, அவர் மேல் கை படாமல் தானும் நின்றுகொண்டார். "தாத்தா, கண்ணை மூடுங்க." அப்பா ஆடினார். "இப்போ ஒரே ஒரு விரலை வாஷ்பேசின் ஓரத்துல வைங்க. அழுத்த வேண்டாம். சும்மா தொட்டா போதும்."

ஆட்டம் குறைந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா கண்ணை மூடியபடியே சிரித்தார்.

இதற்கும் ஆய்வு இருக்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். 1994-ல் ஜெகா, லாக்னர் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், ஒரு கம்பியை விரல் நுனியால் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். நூறு கிராம் எடையைவிட அதிகமாக அழுத்தக் கூடாது. அந்த அளவு அழுத்தம் யாரையும் தாங்காது. ஆனாலும் உடம்பின் ஆட்டம் கணிசமாகக் குறைந்தது. ஏனென்றால் விரல் தாங்குவதில்லை, சொல்கிறது. 'நீ இந்தப் பக்கம் சாய்கிறாய்' என்று மூளைக்குத் தகவல் கொடுக்கிறது. மீதியை உடம்பே பார்த்துக்கொள்கிறது. சர்க்கரை நோய் பெரும்பாலும் பாதத்தைத்தான் முதலில் மரக்கச் செய்கிறது. கைவிரல்கள் ரொம்பப் பிந்தித்தான். அப்பாவின் பாதம் செய்ய முடியாத வேலையை அவருடைய விரல் செய்தது.

எனக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது. தாங்குவது வேறு, தொட்டுக்கொண்டிருப்பது வேறு. தாங்குகிறவன் எதிராளியின் எடையைத் தான் வாங்கிக்கொள்கிறான். கொஞ்ச நாளில் எதிராளிக்கு எடையே இல்லாமல் போய்விடுகிறது. தொட்டுக்கொண்டிருப்பவன், 'நீதான் நிற்கிறாய், நான் இங்கே இருக்கிறேன்' என்று மட்டும் சொல்கிறான். பிள்ளைகளிடம், தொழிலில் அடிபட்ட நண்பனிடம், புருஷனை இழந்த தங்கையிடம், நாம் பெரும்பாலும் முதல் தவறைச் செய்கிறோம். இல்லாவிட்டால் 'அவங்க சொந்தக் கால்ல நிக்கட்டும்' என்று முழுசாகக் கையை எடுத்துக்கொள்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் அளவு இடம் இருக்கிறது.

* * *

இரண்டாவது மந்திரிசபைக் கூட்டத்தில் அப்பாவும் உறுப்பினர். பாத்ரூமில் கைப்பிடிக் கம்பிகள், ராத்திரி முழுக்க எரிகிற ஒரு சின்ன விளக்கு, வழுக்காத ரப்பர் விரிப்பு. தலைசுற்றல் கொடுக்கக்கூடிய ஒரு மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். படுக்கையிலிருந்து எழுந்தால் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். அப்பாவே கொண்டுவந்த தீர்மானம்: "அவ என்னைத் தூக்கக் கூடாது. நான் விழுந்தா அப்படியே கிடக்கிறேன், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடட்டும்." மனைவி முதல் தடவையாகச் சிரித்தாள். நாலரை மணி டியூட்டி எனக்கு. காலை ஆறு மணிக்குத் தெருமுனைவரை நடை, அதுவும் என்னோடு.

பூஜை மணி பழைய இடத்துக்கே போய்விட்டது.

முதல் நாள் நடக்கும்போது பேங்க் விஷயமாக ஏதோ கேட்டேன். அப்பா சட்டென்று நின்றுவிட்டார். நின்று, பதில் சொல்லிவிட்டு, மறுபடி நடந்தார். எனக்கு எரிச்சல். நடந்துகொண்டே பேச முடியாதா? பிறகுதான் படித்தேன். 1997-ல் ஸ்வீடனில் கண்டுபிடித்திருக்கிறார்கள். பேசுவதற்காக நடையை நிறுத்துகிற பெரியவர்கள் பின்னால் விழுகிற வாய்ப்பு அதிகம். தானாக நடந்த கணக்கு இப்போது மனக்கணக்காகி விட்டது. கிட்டத்தட்ட வாட்டர்மேன் மாதிரி. இப்போதெல்லாம் பேச வேண்டியதை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் பேசுகிறேன்.

என் ஆள்காட்டி விரல் அவர் முழங்கைக்குக் கீழே லேசாகத் தொட்டபடி இருக்கும். பிடிப்பதில்லை.

போன வாரம், கார்ப்பரேஷன் தோண்டிப் போட்ட குழி ஓரத்தில் அப்பாவின் செருப்பு தட்டியது. உடம்பு முன்னால் போயிற்று. என் வயிற்றில் ஐஸ் கட்டி. பிடிக்கக் கையை நீட்டினேன். நான் நீட்டுவதற்குள் அவருடைய வலது கால் தானாக முன்னால் வந்து ஊன்றிவிட்டது. 78 வயதுக் கால். என் கை காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா என் கையைப் பார்த்தார். "லேட்டுடா" என்றார்.

ஒருநாள் அந்தக் காலும் லேட்டாகலாம். அன்றைக்கு அக்கா போன் பண்ணி, 'நான் அப்பவே சொன்னேனே' என்பாள். என்னிடம் பதில் இருக்காது. தெரிந்தேதான் தினமும் காலை ஆறு மணிக்கு அப்பாவின் செருப்பை எடுத்து வாசலில் வைக்கிறேன்.